நாலு சுற்று சொனாட்டா

என் நாத்தனார் மேடையில் பியானோ வாசிக்கிறவள். இதைச் சொன்னால் பலர், "அப்படியா, சரி, வேலை என்ன பாக்கறாங்க?" என்று கேட்பார்கள். அதுதான் வேலை. தினமும் ஆறு மணி நேரம் அந்தக் கட்டைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். வருஷத்துக்கு இருபது முப்பது தடவை கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு போய், இருமுகிற ஜனங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, எப்போதோ செத்துப்போனவர்கள் எழுதி வைத்ததை ஒரு விரல் பிசகாமல் வாசித்துவிட்டு வர வேண்டும். பிசகினாலும் செத்தவர்கள் வந்து கேட்கப் போவதில்லை. உயிரோடு இருப்பவர்கள்தான் உயிரை எடுப்பார்கள்.

எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் யாருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. என் மாமனார், வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குகிறவர். அவருடைய அண்ணன் பூட்டு ரிப்பேர். தம்பி ஒன்றும் செய்யாதவர். அதை வெகு சிரத்தையாகச் செய்தார். மாமியார் வழியில் மூன்று தலைமுறையாகத் தையல், அதில் ஒரே ஒருவர் மட்டும் தபால்காரர். இந்தக் கூட்டத்தில் போய் பியானோ எப்படி நுழைந்தது என்றால், அதுவும் லாரியில்தான் வந்தது.

நாலாவது மாடியில் தனியாக இருந்த ஓர் அம்மாள் காலமானார். அவருடைய அக்கா பிள்ளைகள் வந்து விளக்கு, கடிகாரம், கம்பளம் என்று பிரித்துக்கொண்டார்கள். பியானோவை மட்டும் யாரும் சீண்டவில்லை. "எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளிடுங்க" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டார்கள். குறுகலான படி, ஐந்து ஆட்கள், ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. கீழே வந்து சேர்ந்தபோது மாமனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இடுப்ப ஒடிச்சு இறக்கினதத் தள்ளிவிடறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லி, நேராக எங்கள் வீட்டு முன்னறையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது எட்டு மாதம். லாரியில் சாமான்களுக்குப் போர்த்துகிற கம்பளிகளை மடித்து அதன் தலையில் அடுக்கினோம். கம்பளி அடுக்க நல்ல உயரம்.

நாத்தனாருக்கு அப்போது ஆறு வயது. என் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் பதினாறு வருஷ வித்தியாசம். இனிமேல் தேவைப்படாது என்று மாமியார் தொட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்ட பிறகு பிறந்தவள். அதனால் வீட்டில் எல்லாருக்கும் அவள் குட்டி. இன்றைக்குத் தலை நரைத்த பிறகும் குட்டிதான். அந்தக் குட்டி கம்பளிகளுக்குக் கீழே கையை விட்டு ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தம் வந்தது. அதோடு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

பக்கத்துத் தெரு நடனப் பள்ளியில் வாசிக்கிற அம்மாளிடம் கொஞ்ச காலம் கற்றுக்கொண்டாள். பிறகு இசைக் கல்லூரி. மாமனார் கடைசிவரை அவளை ஒரே ஒரு தடவைதான் பாராட்டினார். "நல்லாத்தான் வாசிக்கிறா. கொஞ்சம் கம்மியா வாசிச்சா இன்னும் நல்லா இருக்கும்."

அவளுக்குப் புருஷன் வாய்த்ததும் அந்தப் பியானோவால்தான். சுருதி சேர்க்க ஓர் இளைஞர் வந்தார். நாத்தனார் புருஷன் எனக்கு அண்ணன் முறை என்பதால் பிற்பாடு அவரை நான் சுருதி அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் முன்பலகையைக் கழற்றினார். உள்ளே இருந்து ஏழு ஸ்பூன், ஒரு சீப்பு, என் மாமனார் ஒன்றரை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த மேல்வரிசைப் பல் செட், எல்லாம் வந்தன. மாமனார் பல்லைக் கழுவி அங்கேயே மாட்டிக்கொண்டு, "இவரு கெட்டிக்காரரு" என்றார்.

கெட்டிக்காரர் குட்டியைப் பார்த்து, "நீங்க அடிக்கிற அடியில கம்பியெல்லாம் தளந்து கிடக்குதுங்க" என்றார்.

"அடிக்கறதுக்குத்தானே செஞ்சு வெச்சிருக்கு? தடவிக் குடுக்கறதுக்கா?"

"தடவறதுக்கும் அடிக்கறதுக்கும் நடுவுல நெறைய இருக்குங்க."

வருஷத்துக்கு இரண்டு தடவை வர வேண்டியவர் அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை வந்தார். அந்த வருஷம் எங்கள் பியானோவைப் போல சுருதி சுத்தமான பியானோ எங்கேயும் இருந்திருக்காது. அடுத்த வருஷம் கல்யாணம். பியானோவை மறுபடி தூக்க யாருக்கும் இடுப்பில்லாததால் மாப்பிள்ளைதான் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார்.

இனி அவள் தொழில். கல்லூரி முடித்ததும் ஒரு பெரிய போட்டியில் மூன்றாவது பரிசு வாங்கினாள். மூன்றாவது பரிசு என்பது பொல்லாதது. ஒன்றும் வராதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். முதல் பரிசுக்காரர் பெரிய மனிதராகிவிடுவார். மூன்றாவது ஆள், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகாதா என்று காத்திருக்க வேண்டும். குட்டிக்கு அதுதான் நடந்தது. பேர் பெற்ற யாருக்காவது காய்ச்சல் என்றால் இவளுக்குத் தொலைபேசி வரும். மழைக்காலம் அவளுக்கு நல்ல காலம். வெயில் காலத்தில் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்து தொலைப்பார்கள்.

மற்ற வாத்தியக்காரர்கள் தங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். பியானோக்காரி, போகிற இடத்தில் எது நிற்கிறதோ அதோடு குடித்தனம் நடத்த வேண்டும். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் உள்ளே எலி குடும்பமாக இருந்தது. இன்னோர் இடத்தில் ஒரு கட்டை அழுத்தினால் கீழேயே தங்கிவிடும். சுண்டுவிரலால் அதைத் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டே இரண்டு மணி நேரம் வாசித்தாள். சுருதி அண்ணன் முதல் நாளே போய்த் திருகியும் தட்டியும் பார்ப்பார். கச்சேரி அன்று, வாசித்து முடிகிறவரை இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் விரல் நடுங்கும்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. எங்கள் நகரத்தில் ஒரு பெரிய அரங்கம் உண்டு. இரண்டாயிரம் பேர் உட்காரலாம். அங்கே ஒரு தடவை தனியாக வாசித்துவிட வேண்டும். இருபத்தைந்து வருஷம் அங்கே டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்து மற்றவர்களைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓங்கி ஓங்கிக் கழுவுவாள். சத்தத்தை வைத்தே அன்றைக்கு வாசித்தவர் எப்படி வாசித்தார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நன்றாக வாசித்திருந்தால் ஒரு கோப்பையாவது உடையும்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் தாளை வைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. எண்பது பக்கமானாலும் மண்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். தாளை வைத்தால் கிழடு தட்டிவிட்டது என்று பேசுவார்கள். இந்த வீம்பினால் வந்த வினையைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ஒரு சின்ன ஊரில், நூலகத்துக்கு மேலே இருந்த கூடத்தில் கச்சேரி. நானும் துணைக்குப் போயிருந்தேன். மூன்று பகுதியாக உள்ள ஒரு பழைய சொனாட்டா, அதாவது பியானோ தனியாக வாசிக்கிற நீளமான உருப்படி. முதல் பகுதி ஒன்பது நிமிஷம் என்று சுருதி அண்ணன் சொன்னார். அந்தப் பகுதியில் ஆரம்பத்தில் ஒரு மெட்டு வரும். அது எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பவும் அதே மெட்டாக வரும். இரண்டும் அச்சு அசல் ஒன்றே. ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். முதல் தடவை இடது கை ஒரு கட்டை மேலே போக வேண்டும். இரண்டாம் தடவை ஒரு கட்டை கீழே போக வேண்டும். கீழே போனால் முடிவு வரும். மறந்து மேலே போனால், சுற்றின இடத்தையெல்லாம் மறுபடி சுற்றிக்கொண்டு திரும்ப அதே மெட்டுக்கு வந்து நிற்க வேண்டியதுதான்.

எனக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம், அப்பாவோடு லாரி வேலைக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர். எல்லா மாடியும் ஒரே மாதிரி இருக்கிற கட்டடத்தில் அவர் ஒரு பெரிய பீரோவை ஐந்தாவது மாடிக்குப் பதில் நாலாவது மாடியில் இறக்கி, பாகங்களைப் பொருத்தி, கண்ணாடியும் மாட்டிவிட்டு வந்தவர். அந்த வீட்டுக்காரி வேலையிலிருந்து வந்து பீரோவைப் பார்த்துவிட்டு, புருஷன் ஆசையாக வாங்கிப் போட்டிருக்கிறார் என்று அவருக்கு முத்தம் வேறு கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்குக் குட்டி நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். மெட்டு திரும்பி வந்தது. திடீரென்று சுருதி அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போச்சு தங்கச்சி."

"என்ன போச்சு?"

"மேல போயிட்டா."

"யாரு?"

"இடது கை."

நான் அவளைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. மறுபடி ஒரு சுற்று சுற்றிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தாள். சுருதி அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் மேலே. பயத்தில் கை பழகின வழியில்தான் போகும் என்று பிற்பாடு சொன்னாள். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண் விழித்து, தூங்கும்போது கேட்ட இடமே இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டு, ஒன்றும் தவறவிடவில்லை என்ற திருப்தியோடு திரும்பத் தூங்கினார். நாலாவது சுற்றில் குட்டி இரண்டு கையையும் தூக்கி ஒரே போடாகப் போட்டு, எப்படியோ முடிவுக்குள் குதித்துவிட்டாள். ஒன்பது நிமிஷம் இருபத்தாறு நிமிஷமாயிருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அவர்களுக்கென்ன தெரியும்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நாற்காலியில் விழுந்தாள். "எத்தன தடவங்க?"

"நாலு" என்றார் சுருதி அண்ணன்.

"மூணுன்னு நெனச்சேன்."

"மூணாவதுல நீ கணக்க விட்டுட்ட."

"அண்ணி, நீங்க கண்டுபிடிச்சீங்களா?"

"இவரு கைய நெரிச்சதுல எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன். மணிக்கட்டைக் காட்டினேன். ஐந்து விரலும் பதிந்திருந்தது.

இத்தோடு போயிருந்தால் இது கதையே இல்லை. அந்தக் கூடத்தில் ஒரு பத்திரிகை விமரிசகர் உட்கார்ந்திருந்தார். பெரிய விமரிசகர். அந்த ஊரில் அவருடைய கொழுந்தியா வீடு. அங்கே மூச்சு முட்டியதால் கச்சேரிக்கு ஓடி வந்திருக்கிறார். அந்த வாரம் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். "அதே வாசலுக்கு நான்கு முறை திரும்பி வருகிறார், ஒவ்வொரு முறையும் வேறொரு துக்கத்தோடு. இத்தனை காலம் இந்த சொனாட்டாவை நாம் அவசரமாகக் கடந்துவிட்டோம் என்பதை உணர்த்திய துணிச்சல்."

வேறொரு துக்கம் என்பது நிஜம்தான். முதல் தடவை ஐயோ என்ற துக்கம், இரண்டாவது தடவை அடப்பாவி என்ற துக்கம். அதற்கப்புறம் வீட்டுக்குப் போனால் போதும் என்ற துக்கம்.

பத்து நாளில் பெரிய அரங்கத்திலிருந்து கடிதம் வந்தது. யாருக்கும் காய்ச்சலில்லை. அவளையே, தனியாக, வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அதே சொனாட்டாவை, "தாங்கள் கண்டெடுத்த முறையிலேயே" வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

குட்டி கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"சுத்திட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர். "என்ன கெட்டுப்போச்சு? நாலு கேட்டா அஞ்சாவே குடு."

"அண்ணா, நீ தப்பான வீட்டுல பீரோவ எறக்கின. அதப் பாத்து ஊரே கை தட்டிச்சுன்னா அடுத்த தடவையும் அங்கயேவா எறக்குவ?"

"கை தட்டினா எறக்குவேன்."

"ஒங்கிட்ட கேட்டேன் பாரு." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

"பியானோவுல ஏதாவது கேளு, சொல்றேன்" என்றார் அவர்.

இருபத்தைந்து வருஷம் கோப்பை உடைத்த ஆசை. வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள். சரி என்று எழுதிப் போட்டுவிட்டாள். எழுதிவிட்டு, வேண்டுமென்றே தொலைந்துபோகப் பழக ஆரம்பித்தாள்.

அங்கேதான் வம்பு வந்தது. தெரியாமல் தொலைவது சுலபம். தெரிந்து தொலைவதற்கு, எத்தனையாவது சுற்று என்று மண்டைக்குள் ஒருத்தி எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் எண்ணினால் விரல் தடுமாறுகிறது. எண்ணாவிட்டால் இரண்டிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் இன்னொரு கூத்து. சரியான வழியும் மறக்க ஆரம்பித்தது. நேராக வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் கை மேலேயா கீழேயா என்று அந்தரத்தில் நின்றது. ஒரு நாள் மத்தியானம் பதினோரு சுற்று சுற்றினாள். நான் துவைத்து, உலர்த்தி, மடித்தும் வைத்துவிட்டேன். அவள் வெளியே வரவில்லை. கடைசியில் நான் போய் மூடியைச் சாத்தினேன்.

"விரல நசுக்கிடுவீங்களா அண்ணி?"

"நசுங்கினாத்தான் நீ நிறுத்துவ போல."

அரங்கத்து மேலாளரிடம் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தாள். தாளை வைத்து வாசிக்கட்டுமா? "அது இங்க வழக்கமில்லீங்களே." சரி, ஒரே சுற்றாக, எழுதியிருக்கிறபடியே வாசிக்கட்டுமா? "அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்களேம்மா" என்றார்.

கச்சேரி நாள் வந்தது. மேடைக்குப் பின்னால் அவளுக்கென்று தனி அறை, விளக்கு வைத்த கண்ணாடி, சுழலும் நாற்காலி. சுருதி அண்ணன் வழக்கம்போல் பேசாமல் மூலையில் நின்றார். அவள் கை ஐஸ்கட்டியாக இருந்தது. நான் என் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்தேன்.

"அண்ணி, நெஜமாச் சொல்லுங்க. அன்னைக்கு நாலு தடவ வாசிச்சது நல்லா இருந்துச்சா?"

"எனக்கென்னம்மா தெரியும். எனக்கு நாலும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு."

"வேற வேற துக்கம் இல்லையா?"

"ஒரே துக்கந்தான். உன் காது செவந்திருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். மூலையில் நின்ற சுருதி அண்ணன் பயந்துவிட்டார். கச்சேரி நாளில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. மணி அடித்தது. போய்விட்டாள்.

நாங்கள் ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்றோம். அவள் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். நாற்காலியைத் திருகி உயரம் பார்த்தாள். பிறகு எழுந்து மேடை விளிம்புக்கு வந்தாள். அந்த அரங்கத்தில் பியானோக்காரர்கள் வாய் திறக்கிற வழக்கமே கிடையாது. மேலாளர் என் பக்கத்தில் நின்று, "என்ன பண்றாங்க, என்ன பண்றாங்க" என்று முணுமுணுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் குட்டி. மேடைக் குரல் இல்லை. மீன் விலை கேட்கிற குரல். "போன தடவ இத நான் நாலு சுத்து சுத்தினேன். அது துணிச்சல் இல்லீங்க. வெளிய வர வழி மறந்துபோச்சு. இன்னைக்கு எழுதியிருக்கிறபடி ஒரே தடவ வாசிக்கப் பாக்கறேன். மெட்டு மறுபடி வந்ததும் இடது கைய கவனிச்சுக்கோங்க. கீழ போனா நான் பொழச்சேன். மேல போனா, நாம எல்லாரும் இன்னும் கொஞ்ச நேரம் இங்கதான் இருக்கணும்."

மேல்மாடத்தில் ஒருவர் மட்டும் பெரிதாகச் சிரித்தார். விமரிசகர் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. நிகழ்ச்சித் தாளை நாலாக மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

வாசித்தாள். எனக்கு இசை தெரியாது. ஆனால் அத்தனை பேர் ஒரு பெண்பிள்ளையின் இடது கையை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. இருமல்கூட இல்லை. மெட்டு திரும்பி வந்தது. சுருதி அண்ணன் என் மணிக்கட்டைத் தேடினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த இடம் வந்தது. கை ஒரு கணம் தயங்கிற்று, தயங்கினது எனக்கே தெரிந்தது. பிறகு கீழே போயிற்று.

அரங்கம் முழுக்க ஒரே மூச்சாக விட்டார்கள். சிலர் நடுவிலேயே கை தட்டிவிட்டார்கள். அப்படித் தட்டுவது அங்கே பெரிய குற்றமாம். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் பகுதி சரியாக ஒன்பது நிமிஷம். அடுத்த இரண்டு பகுதியையும் வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி வாசித்து முடித்தாள்.

மறுநாள் விமரிசகர் நாலே வரி எழுதினார். அதில் குட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பியானோவின் சுருதி சுத்தமாக இருந்தது என்று மட்டும் இருந்தது. சுருதி அண்ணன் அதைக் கத்தரித்துத் தன் கருவிப் பெட்டி மூடிக்குள் ஒட்டிக்கொண்டார். அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பெரிய அரங்கத்திலிருந்து அதற்கப்புறம் கடிதம் வரவேயில்லை. பழையபடி காய்ச்சல் வந்தவர்களுக்குப் பதிலாக வாசித்துக்கொண்டு, அறுபத்தாறு வயதில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அன்றைக்குக் கச்சேரி முடிந்ததும் அந்தத் தனி அறையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கதவைத் தட்டிவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் பியானோ வாசிக்கிறவர்கள். முதலில் ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கு ரெண்டாவது பகுதியிலங்க, மூணு தடவ" என்றாள். அடுத்து வந்தவர் வானொலியில் நேரடியாக வாசிக்கும்போது சுற்றியவர்; செய்தி நேரம் வந்து பாதியில் வெட்டியதால் தப்பித்தாராம். அவர்களுக்குப் பின்னால் கைத்தடியோடு ஒரு கிழவர் வந்தார். குட்டி சட்டென்று எழுந்து நின்றாள். அந்த அரங்கத்தில் வருஷா வருஷம் வாசித்தவர். எங்கள் வீட்டில் அதிகக் கோப்பைகள் உடைந்தது அவரால்தான்.

"அதே எடந்தானேம்மா?" என்றார் கிழவர்.

"ஆமாங்க."

"ஆறு தடவ."

"நீங்களா?"

"நாப்பது வருஷமாச்சு. அந்த சொனாட்டாவ அப்புறம் தொடவே இல்ல. புடிக்கலன்னு சொல்லிட்டுத் திரியறேன்." கிழவர் அவள் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைக்காரர் நரம்பு தேடுகிற மாதிரி. "எந்த வெரல வெச்சு எறங்கின?"

அவள் காட்டினாள். கிழவர் தன் கையைக் காற்றில் வைத்து அதே மாதிரி இறக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். தலையாட்டிக்கொண்டே போனார்.

கதவு சாத்தியதும் குட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா அண்ணி இந்தத் திருட்டுப் பசங்கள? அத்தன பேரும் தொலஞ்சிருக்கானுங்க, ஒருத்தன் வாயத் தொறக்கல. நான் பாட்டுக்கு எனக்கு மட்டுந்தான் மூள கெட்டுப்போச்சுன்னு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன்!"

"எப்ப போகணும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு. எனக்கெதுக்கு இப்ப டாக்டரு? நீங்க வேணா போங்க. அன்னைக்கு இவரு நெரிச்ச மணிக்கட்டக் காட்டிட்டு வாங்க."